பாஸ்வேர்டுக்குப் பூ கேட்ட கதை

எனக்குக் கோபம் வந்துவிட்டது என்று எங்கள் கம்பெனியில் கண்டுபிடிப்பது சுலபம். கோவில்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்து பாதி ஆயுள் ஓடிவிட்டது. இந்த ஊர் 'ங்க' என் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது. "ஆமாங்க, பாக்கறேனுங்க, சரி பண்ணிரலாமுங்க" என்றுதான் நாள் முழுக்கப் பேசுவேன். சூடு ஏறினால் மட்டும் அந்த 'ங்க' எங்கேயோ ஓடிப்போய்விடும். "சிஸ்டம் அண்ணனுக்கு ஊர் வந்துருச்சுங்க, கிட்டப் போகாதீங்க" என்று ஆபீஸ் பெண்கள் ஒருவருக்கொருவர் கண் காட்டிக்கொள்வார்கள்.

நான் பார்க்கிற வேலைக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் அதிசயம். பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறவன் என்றால், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவன்தான், கேமரா அணைந்தாலும் அவன்தான், முதலாளி வீட்டு டிவியில் படம் வராவிட்டாலும் அவன்தான். இத்தனைக்கும் நடுவில் மெயில் சர்வர். துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களை நாங்கள் பையர் என்போம். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு பெட்டிதான். அது வாயை மூடினால் கம்பெனியே ஊமை.

சேம்பிள் அறைக்குப் பக்கத்தில், ஏசி போட்ட ஒரு சின்ன அறையில் அது இருக்கிறது. வாங்கிவந்த அன்று முதலாளி நல்ல நேரம் பார்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். பிறகு பாஸ்வேர்டைத் தன் கையாலேயே அடித்தார். அவர்கள் வீட்டுக் குலசாமியின் பெயர், அதற்குப் பின்னால் ஒன்று இரண்டு மூன்று. "எல்லாருக்கும் இதையே போட்டுருங்க தம்பி" என்றார். அப்படியே போட்டோம். கணக்குப் பார்க்கிறவர் முதல் கப்பலுக்குச் சரக்கு ஏற்றுகிறவர் வரை எல்லோருடைய மெயிலுக்கும் அதே சாமி, அதே ஒன்று இரண்டு மூன்று.

அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. ஆர்டரைக் கையில் எடுத்துப் பையரோடு பேசி முடிக்கிறவர்களை மெர்ச்சண்டைசர் என்பார்கள். அவர்கள் நாற்காலியில் உட்காரும் ஜாதி கிடையாது. காலையில் சாயப்பட்டறை, மத்தியானம் பிரிண்டிங், சாயங்காலம் எம்பிராய்டரி என்று வண்டியில் அலைந்துகொண்டே இருப்பார்கள். அந்த நேரம் பையர் எதையாவது கேட்டால், ஆபீஸில் இருக்கிற யாராவது அவருடைய மெயிலைத் திறந்து, அவராகவே பதில் போட்டுவிடுவார்கள். பையருக்குத் தெரியாது. எங்கள் ஊரே இப்படித்தான் ஓடுகிறது, பெருமைக்குச் சொல்லவில்லை.

"ஏனுங்க சார், ஆளுக்கொரு பாஸ்வேர்டு வெக்கோணுங்க. ஒருத்தர்து போனா எல்லார்தும் போயிருமுங்க" என்று எத்தனையோ முறை முதலாளியிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"சாமி பேரு காப்பாத்தாததையா தம்பி உன்ற நம்பரு காப்பாத்தப் போகுது?" என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது. நல்ல மனிதர். சாப்பிட்டாயா என்று கேட்காமல் ஒரு வேலை சொல்ல மாட்டார். ஆனால் பிடித்தால் பிடித்த பிடிதான்.

அந்தத் திங்கட்கிழமை நான் முதலாளி அறையில் மேசைக்கு அடியில் படுத்து ஒயர் மாற்றிக்கொண்டிருந்தேன். மேலே அவரும் மேனேஜரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மங்கலத்தில் இருக்கிற எங்கள் தையல் யூனிட்டுக்கு வேலை இல்லை, புதுப் பையரின் ஆர்டர் இந்த வாரம் கிடைத்தால் அது ஓடும், இல்லையென்றால் சனிக்கிழமையோடு பூட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. முதலாளி பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் ஒயரைப் பிடித்தபடியே கிடந்தேன்.

மங்கலம் யூனிட்டில்தான் என் மனைவி செக்கிங் பார்க்கிறாள். தைத்து வரும் துணியில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அது அவளுக்கு வெறும் சம்பளம் மட்டும் இல்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், பேசுவதற்கு ஆள் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். அவளுக்கு மனுஷ மக்கள் கிடைத்ததே அந்த யூனிட்டில்தான். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மகளுக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறது, எல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவள் யூனிட்டில் ஸ்டூலின் மேல் போட்டு உட்காரும் சின்ன மெத்தை, கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. வெட்டுத் துணியை அடைத்து அவளே தைத்தது.

"என்ன, இதைத் தூக்கிட்டு வந்துட்ட?" என்றேன்.

"அழுக்காப் போச்சு, தொவச்சுப் போட்டேன்" என்றாள்.

யூனிட் விஷயத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது, அவள் நிம்மதிதான் கெடும் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய் காலை, புதுப் பையரின் ஆர்டரைக் கையில் வைத்திருந்த மெர்ச்சண்டைசர் அக்கா என் அறைக்கு வந்தார். கம்பெனியிலேயே பழைய ஆள், எல்லோருக்கும் அவர் அக்காதான். "ஏனுங்க தம்பி, அனுப்பற மெயிலெல்லாம் போன வேகத்துல திரும்பி வருதுங்க. என்னன்னு பாருங்க" என்றார்.

சர்வரைத் திறந்து பார்த்தேன். கணக்குப் பிரிவின் மெயிலிலிருந்து உலகம் பூராவுக்கும் மெயில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்றைத் திறந்தேன். ஆண்மைக்கு மருந்து விளம்பரம். படத்தோடு. அக்கா பின்னால் நிற்கிறாரே என்று பட்டென்று மூடினேன்.

"என்ன மெயிலுங்க அது?"

"குப்பை மெயிலுங்க, ஸ்பாமுன்னு சொல்லுவாங்க" என்றேன். அதற்கு மேல் ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்ல?

எப்படி நடந்தது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 'உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே பாஸ்வேர்டு கொடுத்தால் சரியாகும்' என்று எவனோ ஒரு மெயில் அனுப்பியிருக்கிறான். கணக்குப் பார்க்கிறவர் அதை நம்பி, பக்தியோடு சாமி பெயரையும் ஒன்று இரண்டு மூன்றையும் அடித்துக் கொடுத்துவிட்டார். இத்தனை காலம் உள்ளே வருகிற குப்பையைத்தான் வாசலில் நின்று தடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது எங்கள் வீட்டுக்குள்ளிருந்தே குப்பை தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கணக்கு மெயிலை நிறுத்தினேன். உடனே சரக்குப் பிரிவிலிருந்து கொட்டியது. அதை நிறுத்தினேன். சேம்பிள் பிரிவிலிருந்து கொட்டியது. ஒரு வளையை அடைத்தால் இன்னொரு வளையில் தலை நீட்டும் வயல் எலிதான். ஒரு சாவி எல்லாப் பூட்டையும் திறக்கிறபோது அவனுக்கு என்ன கவலை? கடைசியில் வெளியே போகிற மெயில் மொத்தத்தையும் நிறுத்தினேன். அதற்குள் காரியம் கெட்டுப்போயிருந்தது. குப்பை அனுப்பும் சர்வர்களை உலகத்துக்கே காட்டிக்கொடுக்கிற கறுப்புப் பட்டியல்கள் உண்டு. எங்கள் சர்வர் அதில் ஏறிவிட்டது. புதுப் பையரின் கம்பெனியும் எங்களைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

அக்கா, அந்தப் பையர் கம்பெனியில் தன்னோடு ஆர்டர் பேசுகிற அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்தார். முகம் செத்துப் போயிருந்தது. "கடைசி விலையும் சேம்பிள் விவரமும் கம்பெனி மெயில்லருந்துதான் வரோணுமாமுங்க. வேற மெயில்ல வந்தா மோசடின்னு தள்ளிருவாங்களாம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வராட்டி வேற கம்பெனிக்குக் குடுத்துருவாங்களாம். அந்தம்மா நல்ல மாதிரிதானுங்க, ஆனா அவங்க கையில இல்லீங்களாம்."

கறுப்புப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். அடைக்காமல் கேட்டு, மறுபடி குப்பை போனால், அப்புறம் லேசில் விடமாட்டார்கள். ஓட்டையை அடைப்பதென்றால் எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். மாற்ற முதலாளி சம்மதிக்க வேண்டும். நேராக அவர் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார். "சாமி பேரை எடுக்கோணுங்கறே?"

"ஆமாங்க சார். இப்பவே எடுக்கோணுங்க."

"அதை வெக்கறப்பப் பூ கேட்டுத்தான் வெச்சேன் தம்பி. எடுக்கறதுன்னாலும் பூ கேக்கோணுமில்ல?"

பூ கேட்பது என்றால், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து, சாமி முன்னால் போட்டு, மனதில் இருப்பதைக் கேட்டு, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. பெண் பார்க்க, போர்வெல் போட, நிலம் வாங்க, எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கம் பூ கேட்பார்கள். மெயில் சர்வருக்குக் கேட்பார்கள் என்று நான் கண்டேனா?

"திருடன் வீட்டுக்குள்ள நிக்கான், நீரு பூ கேக்கப் போறேங்கீரு!" என்று கத்திவிட்டேன்.

வாசலில் நின்ற அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். 'ங்க' போனதோடு நிற்காமல் மரியாதையும் கூடவே போயிருந்தது. வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். முதலாளி எழுந்தார். மேசை மேலிருந்த கார் சாவியை எடுத்தார்.

"அந்த மடியில வெக்கற கம்ப்யூட்டரையும் எடுத்துக்க. வா போலாம்" என்றார்.

குலசாமி கோயில் குண்டடம் ஊரைத் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. வழி முழுக்க, கரண்டு எடுக்கிற பெரிய காற்றாடிகள் அவை பாட்டுக்கு நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு என்ன அவசரம்?

பூசாரியை முதலாளி வழியிலேயே போனில் கூப்பிட்டிருந்தார். உச்சிப் பூஜை முடிந்து அவர் காத்திருந்தார். அரளிப் பூக்களை மடித்துப் போட்டார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு, "சாமி, உன்ற பேரைக் கம்ப்யூட்டர்லருந்து எடுத்துரலாமா?" என்று வாய்விட்டே கேட்டார். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

"சரி, சாமி வேண்டாங்குது. வா போலாம்" என்று முதலாளி செருப்பைத் தேடினார். எனக்கு மங்கலம் யூனிட்டின் கதவு கண்ணுக்கு முன்னால் சாத்தியது. கொடியில் காய்ந்த அந்த மெத்தை ஞாபகத்துக்கு வந்தது. நான் நகரவில்லை.

"சாமிகிட்ட வெவரத்தை நீங்க முழுசாச் சொல்லல" என்றேன்.

"என்னத்தச் சொல்லல?"

"என்ன மெயிலு போச்சுன்னு சொன்னீகளா?"

"குப்பை மெயிலுன்னுதான நீ சொன்னே?"

பூசாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சாமி சன்னதியில் அதை எப்படி உரக்கச் சொல்வது? முதலாளியின் காதுக்கருகில் போய், குரலைத் தாழ்த்தி, என்ன மருந்து, எதற்கான மருந்து என்று சொன்னேன்.

"படத்தோடயா?"

"படத்தோடதான்."

"நம்ம சாமி பேர்லயா?"

"சாமி பேரைப் போட்டுத் தொறந்துதான உள்ளயே வந்திருக்கான்! உலகம் பூரா அதைத்தான் வித்துக்கிட்டிருக்கான்!"

"அட கெரகமே!" என்று தலையில் கை வைத்தார். வெள்ளை வேட்டி புழுதியானாலும் பரவாயில்லை என்று அப்படியே நெடுஞ்சாண் கிடையாக விழுந்தார். "தெரியாமப் போச்சு சாமி, மன்னிச்சுக்கோ!" எழுந்ததும் பூசாரியிடம், "இன்னொருக்காப் பூப் போடுங்க" என்றார்.

"ஒரே கேள்வியை ரெண்டாவது வாட்டி கேக்கக் கூடாதுங்களே" என்று பூசாரி இழுத்தார்.

"இது அந்தக் கேள்வி இல்லீங்க. இது வேற!"

இந்த முறை கைகூப்பி, கண்ணைத் திறந்தபடியே கேட்டார். "சாமி, ஒரு கேடுகெட்டவன் உன்ற பேரைச் சாக்கடைக்குள்ள போட்டுட்டான். அதுக்குள்ளருந்து எடுத்துக் கழுவி வெக்கறதுக்கு உத்தரவு குடு."

எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. வீட்டில் விளக்கேற்றுவது, கும்பிடுவது எல்லாம் மனைவிதான். அன்று நான் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றேன். என் பெண்டாட்டி வேலையைக் காப்பாற்று என்று கேட்டேன். சாமிக்கு மெயிலைப் பற்றியெல்லாம் விளக்கவில்லை.

பூசாரி இலையைப் பிரித்தார். வெள்ளை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பூசாரி என் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினார்.

"நீ பின்னாடி உக்காந்து உன்ற வேலையைப் பாரு. நான் ஆடாம ஓட்டறேன்" என்றார் முதலாளி. போன் இணைப்பை வைத்துக்கொண்டு, காரின் பின்சீட்டிலேயே வேலையை ஆரம்பித்தேன். பழைய பாஸ்வேர்டு மொத்தத்தையும் செல்லாமல் ஆக்கினேன். உள்ளே உட்கார்ந்திருந்தவனைப் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளினேன். ஒரு மெயிலிலிருந்து இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தேன். நான் போனில் சொல்லச் சொல்ல, ஆபீஸில் அக்கா ஒவ்வொருவரையும் தனியாக என் அறைக்குள் கூப்பிட்டு, அவரவர்க்கு ஒரு புது பாஸ்வேர்டு வைக்கச் செய்துகொண்டிருந்தார். "அப்ப நான் சாயப்பட்டறைக்குப் போனா என்ற மெயிலை யாருங்க பாக்கறது?" என்று ஒரு பெண் கேட்டது போனில் எனக்குக் கேட்டது. "பையர் மெயிலுக்கு எல்லாரும் பாக்கற மாதிரி ஒரு பொதுப் பெட்டி வெச்சுத் தர்றேங்க" என்று கத்திச் சொன்னேன். பிறகு அப்படியே செய்தும் கொடுத்தேன்.

வேகத்தடை வந்தால் முதலாளி வண்டியை நிறுத்தி, நகர்த்தி, பூனை நடக்கிற மாதிரி தாண்டுவார். வழியில் ஓரிடத்தில் இளநீர் வாங்கி, என் இரண்டு கையும் வேலையில் இருப்பதைப் பார்த்து, குழலை என் வாய்ப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். காலையில் நான் கத்திய கத்தலுக்கு வேறு யாராக இருந்தாலும் என் கணக்கை முடித்து அனுப்பியிருப்பார்கள். இந்த மனிதர் எனக்கு டிரைவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

"இதைக் காலையிலயே சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டார்.

"உங்ககிட்டப் போயி அதை எப்பிடிங்க சார் சொல்றது?" என்றேன்.

"'ங்க' வந்துருச்சு" என்று வண்டி குலுங்கச் சிரித்தார்.

ஆபீஸுக்கு வந்ததும் கறுப்புப் பட்டியல்காரர்களுக்கு விண்ணப்பம் போட்டேன். அவை இயந்திரங்கள்தான், சாயங்காலத்துக்குள் விடுவித்துவிட்டன. ஆனால் புதுப் பையரின் கம்பெனியில் மனிதர்தான் திறக்க வேண்டும். அக்கா அந்த அம்மாவைப் பிடித்து, அவர் மூலம் அவர்களுடைய மெயில் பாதுகாப்புக்காரரைப் பிடித்துவிட்டார். எனக்கு ஆங்கிலம் படித்தால் புரியும், பேச நாக்கு எழாது. போனை ஸ்பீக்கரில் போட்டு, நான் தமிழில் சொல்ல, அக்கா அவருக்குச் சொன்னார்.

ஓட்டை எது, அதை எப்படி அடைத்தீர்கள் என்று கேட்டார் அவர். "மழுப்பாதீங்க, உள்ளதைச் சொல்லுங்க" என்றேன் அக்காவிடம். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தோம், அது எங்கள் முதலாளி வீட்டுச் சாமியின் பெயர், இப்போது ஆளுக்கு ஒன்றாக மாற்றிவிட்டோம் என்று அக்கா சொல்லி முடித்தார். போச்சு என்று நினைத்தேன். அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் வந்தது. அவர் முன்பு இருந்த கம்பெனியில் எல்லோருக்கும் முதலாளியின் நாய் பெயர்தானாம், நீங்கள் பரவாயில்லை என்றாராம். சிரித்து முடித்ததும் திறந்துவிட்டார். அக்கா மெயிலை அனுப்பினார். அது திரும்பி வரவில்லை. முகம் தெரியாத அந்த மனிதரின் வீட்டில் எப்போதும் நல்லதே நடக்கட்டும் என்று மனசார நினைத்தேன்.

வியாழக்கிழமை ஆர்டர் உறுதியாகிவிட்டது. அக்கா அறைவாசலில் நின்றே, "தம்பி, வந்துருச்சுங்க!" என்று கூவினார். முதலாளி மங்கலம் யூனிட்டுக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை துணி கட்டிங் ஆரம்பம் என்று சொல்லிவிட்டார். நான் போய்ச் சர்வரின் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் அழியாமல், ஒன்றும் தெரியாததாட்டம் உறுமிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். மனைவி அலமாரியிலிருந்து அந்த மெத்தையை எடுத்து, தட்டிச் சரிசெய்து, சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். தண்ணிப் பாட்டில், நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி, யூனிட்டில் எப்போதும் வைத்திருக்கும் டம்ளர், எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அவை அத்தனையும் வீட்டுக்கு வந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

"இதெல்லாம் எப்பக் கொண்டுவந்த?" என்றேன்.

"திங்கக்கெழம. லைன்ல எல்லாரும் அன்னைக்கே எடுத்துட்டோம். சனிக்கிழமையோட பூட்டிருவாகன்னு சூப்பர்வைசர் அழுதுகிட்டே சொன்னாரு."

"தெரிஞ்சா எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"அன்னைக்குச் சொல்ல மனசு வரல. மறுநாளு நீங்க மெயிலோட மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடந்தீக. இதையும் சொன்னா கை நடுங்குமேன்னு இருந்துட்டேன். சாமியைக் கும்பிட்டேன், அவ்வளவுதான்." என் நெற்றியை அண்ணாந்து பார்த்தாள். "செவ்வாக்கெழம திருநீறோட வந்து நின்னீகளே, அப்பவே இனி யூனிட் பூட்டாதுன்னு தெரிஞ்சுபோச்சு."

பையை அவள் கையிலிருந்து வாங்கி, வண்டியில் முன்னால் மாட்டினேன். வழக்கமாக பஸ் ஸ்டாப்பில்தான் இறக்கிவிடுவேன். அன்று மங்கலம் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். யூனிட் வாசலில் இவளோடு ஒரே லைனில் வேலை பார்க்கிற பெண்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருடைய கக்கத்திலும் ஒரு சின்ன மெத்தை இருந்தது.